கோட்டம் எடுத்த சக்கரத்தில் கம்பி ஏன் அறுகிறது? டென்ஷன் கேஜ் வாங்கலாமா?

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கியர் சைக்கிள், டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் 32 கம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் பாம்பன் பாலம் ஏறி, தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய்த் திரும்புகிறார். போக வர ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நான்கு மாதத்தில் பின் சக்கரத்தில் மூன்று கம்பி அறுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கடையில் புதுக்கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துக் கொடுக்கிறார்கள், சக்கரமும் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது, ஆனால் ஐந்தாறு வாரத்தில் அடுத்த கம்பி போகிறது. கம்பியின் இழுப்பை அளக்கும் டென்ஷன் கேஜ் வாங்கினால் இது தீருமா, எத்தனை கிலோ இழுப்பு வைக்க வேண்டும், அப்பாவின் பழைய சைக்கிளுக்கும் அது உதவுமா என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் "எத்தனை கிலோ" என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம். கேஜ் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான், உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு குறைவு. உங்கள் கேள்வியிலேயே விடைக்குப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: சக்கரம் நேராக ஓடுகிறது, கம்பி மட்டும் அறுகிறது.

ஒரு கொடிக்கம்பத்தை நட்டு நாலு பக்கமும் கயிறு கட்டுகிறோம். கிழக்குக் கயிறும் மேற்குக் கயிறும் விண்ணென்று இருந்தாலும் கம்பம் நேராக நிற்கும். இரண்டும் தொளதொளவென்று இருந்தாலும் காற்று வரும்வரை நேராகத்தான் நிற்கும். கம்பத்தைப் பார்த்துக் கயிற்றின் நிலையைச் சொல்ல முடியாது. சைக்கிள் ரிம்மும் அப்படித்தான். ஒரு இடத்தில் இடது கம்பியும் வலது கம்பியும் சேர்ந்தே லூசாக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி ரிம் அசையாமல் நடுவில் ஓடும். கோட்டம் எடுப்பவரின் கண்ணுக்கு அது நல்ல சக்கரம். ஏறி மிதிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடத்தில் ரிம் சற்று உள்ளே அமுங்கும், அங்குள்ள கம்பிகளின் இழுப்பு குறையும். அந்த இடம் மேலே போனதும் இழுப்பு திரும்ப ஏறும். ஒரு கிலோமீட்டருக்கு சக்கரம் சுமார் 475 முறை சுற்றுகிறது. உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கணக்குப் போட்டால் 38,000 முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. நல்ல இழுப்பில் இருக்கும் கம்பிக்கு இது பெரிதில்லை. 100 கிலோவிலிருந்து கொஞ்சம் இறங்கி ஏறும், அவ்வளவுதான். ஏற்கெனவே லூசாக இருக்கும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் சுழியத்துக்குப் போய் வருகிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் ஓட்டைக்குள் அதன் வளைந்த கழுத்து ஆடுகிறது. கையால் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே வேலைதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். கம்பி பெரும்பாலும் அந்தக் கழுத்து வளைவில்தான் அறும். உங்களுடையதும் அங்கேதான் அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அறுந்த துண்டை வைத்திருந்தால் பாருங்கள்.

"டைட்டா வெச்சதால கம்பி அறுந்துடுச்சு" என்று கடைகளில் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். லூசான கம்பி அறுகிறது, அல்லது லூசான கம்பியின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த பக்கத்துக் கம்பி அறுகிறது. புதுக்கம்பி போடும்போது சக்கரம் நேராகும்வரை முடுக்கிவிட்டு, வராவிட்டால் எதிர்ப்பக்கத்தில் ஒன்றைத் தளர்த்தி ஒப்பேற்றுவார்கள். கோட்டம் போய்விடும், ஏற்றத்தாழ்வு கூடிவிடும். மூன்று தடவை இப்படி நடந்தால் நாலாவது தடவைக்குச் சோசியம் பார்க்க வேண்டியதில்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தங்கச்சிமடத்தில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரிடம் கேஜும் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, போர்க்கில் ஒரு சாக்பீஸ் துண்டைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். கோட்டம் எடுத்து முடித்த பிறகு ஒரு வேலை செய்வார், அதைத்தான் இப்போது பல இடங்களில் யாரும் செய்வதில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக்கொண்டே வருவார். ஒரு கம்பி மட்டும் "டொக்" என்றால் நிறுத்திவிடுவார். அவர் காதுதான் கேஜ்.

இந்தக் காது முறைக்குக் கணக்கு உண்டு. ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள கம்பியில் சுருதி இழுப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். இழுப்பு இரு மடங்கானால் சுருதி இரு மடங்காவதில்லை. ச-விலிருந்து பிரதி மத்திமம் வரை ஏறும். இழுப்பில் 20 சதவீத வித்தியாசம் என்பது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கும் அதற்கடுத்த கட்டைக்கும் நடுவில் வரும். கொஞ்சம் பாட்டுக் காது உள்ளவருக்கே இது பிடிபடும். ஆகவே கேஜ் வருவதற்குள் இன்றைக்கே சுண்டிப் பார்க்கலாம். ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் வரிசையாகச் சுண்டுங்கள், மறுபக்கத்தோடு கலக்காதீர்கள். கியர் சக்கரத்தில் இரண்டு பக்கமும் ஒரே சுருதியில் இருக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

சரி, கேஜ். பரவலாகக் கிடைப்பது பார்க் டூல் நிறுவனத்தின் டிஎம்-1. அதே வடிவில் மலிவான நகல்களும் இணையத்தில் வருகின்றன. உள்ளே மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு முளைகள் அசையாமல் கம்பியை ஒரு பக்கம் தாங்கும், நடுவில் ஒரு முளை சுருள்வில்லின் பலத்தால் மறுபக்கத்திலிருந்து கம்பியை அழுத்தும். கம்பி டைட்டாக இருந்தால் குறைவாக வளையும், முள் மேலே நிற்கும். லூசாக இருந்தால் அதிகம் வளையும், முள் கீழே இறங்கும். முள் காட்டும் எண் கிலோ இல்லை, வெறும் கோட்டு எண். கூட வரும் அட்டவணையில் உங்கள் கம்பியின் தடிமனுக்கு உரிய பத்தியில் அந்த எண்ணைப் பார்த்தால்தான் கிலோ கிடைக்கும். தடித்த கம்பி இழுப்பே இல்லாவிட்டாலும் வளைய மறுக்கும், அதனால்தான் தடிமனுக்கு ஒரு பத்தி. 2.0 மி.மீ. கம்பியை 1.8 பத்தியில் பார்த்துவிட்டு மூன்று நாள் சக்கரத்தைக் குடைந்தவன் நான்.

அதனால் முதல் வேலை தடிமன் அளப்பது. வெர்னியர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் கேஜோடு வரும் வெட்டுத் தகட்டில். கம்பியின் நடுப்பகுதியில் அளக்க வேண்டும், ஏனென்றால் சில கம்பிகள் இரண்டு முனையிலும் 2.0 இருந்து நடுவில் 1.8 ஆக மெலிந்திருக்கும். கேஜும் அந்த நடுவில்தான் உட்காரும். அளப்பதற்கு முன் ஈரத்துணியால் கம்பியைத் துடையுங்கள். நம் ஊரில் கம்பி மேல் உப்புப் பொருக்கு ஒட்டியிருக்கும், அது முளையில் சிக்கினால் முள் ஒரு கோடு தள்ளிக் காட்டும்.

டயரில் காற்றை இறக்கிவிட்டு அளப்பது என் வழக்கம். காற்று நிரம்பிய டயர் ரிம்மைச் சுற்றிலும் உள்நோக்கி நெருக்குவதால் கம்பிகளின் இழுப்பு சற்றுக் குறைந்து தெரியும். காற்றோடு அளந்தாலும் தப்பில்லை, ஆனால் ஒரு மாதம் காற்றோடு, அடுத்த மாதம் காற்றில்லாமல் என்று அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

கேஜின் பிடியை அமுக்கி, கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்து, பிடியை மெதுவாக விடுங்கள். படாரென்று விட்டால் வில் அதிர்ந்து முள் தவறான இடத்தில் நின்றுகொள்ளும். விட்ட பிறகு கேஜை விரலால் லேசாக ஒரு தட்டு தட்டினால் முள் தன் இடத்துக்கு வரும். ஒரே கம்பியை மூன்று தடவை அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல வரும்வரை பழகிவிட்டு அப்புறம் சக்கரத்தைத் தொடங்குங்கள்.

இனி நோட்டு, பேனா. இதைச் சோம்பல் படாமல் செய்தால் பாதி வேலை முடிந்தது. காற்றடிக்கும் வால்வு ஓட்டையை ஒன்றாம் எண்ணாக வைத்து, இடப்பக்கக் கம்பிகள் பதினாறும் ஒரு வரிசை, வலப்பக்கம் பதினாறும் ஒரு வரிசை. போன வருடம் என் பின் சக்கரத்தின் இடப்பக்கம் இப்படி இருந்தது: 17, 18, 17, 11, 19, 18, 17, 17, 12, 20, 17, 18, 16, 17, 18, 17. சக்கரம் அப்போது ஒரு மில்லிமீட்டர் கூட ஆடவில்லை. ஆனால் நாலாவதும் ஒன்பதாவதும் படுத்துக் கிடக்கின்றன. பக்கத்தில் ஐந்தாவதும் பத்தாவதும் தலை தூக்கி நிற்கின்றன. வலப்பக்க வரிசையைப் பார்த்தால் அதே இரண்டு இடங்களிலும் பள்ளம். லூசும் லூசும் கைகோத்துக்கொண்டு ரிம்மை நேராக வைத்திருந்த கதை அங்கே எண்ணாகக் கிடந்தது.

இந்த எண்களை அப்படியே சராசரி போடாதீர்கள். கோட்டு எண்ணும் கிலோவும் ஒரே சீராக ஏறுவதில்லை. மேலே போகப் போக ஒரு கோட்டுக்குள் அடங்கும் கிலோ கூடும், 2.0 மி.மீ. கம்பியில் 100 கிலோவை ஒட்டிய இடத்தில் ஒரு கோடு ஏறினாலே பத்து கிலோ அளவுக்கு மாறும். எல்லாவற்றையும் அட்டவணையில் கிலோவாக மாற்றி, பக்கம் பக்கமாகச் சராசரி பார்த்து, அதிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருப்பவற்றுக்கு வட்டம் போடுங்கள். 20 என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. புது ரிம், புதுக்கம்பி என்றால் 10-க்குள் கொண்டுவரலாம். பழைய ரிம்மில் 20-க்குள் வந்தாலே எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

முடுக்குவது பற்றி. கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்ன மரை மூடிதான் நிப்பிள். டயர் பக்கமிருந்து அதன் தலையைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடிகாரச் சுற்று என்றால் டைட்டு. சக்கரம் சுற்றச் சுற்ற இது தலைகீழாகத் தோன்றிக் குழப்பும், குழம்பாதவர் இல்லை. கம்பி மரையில் ஒரு அங்குலத்துக்கு 56 சுற்று. முழுச் சுற்றுக்கு நிப்பிள் 0.45 மி.மீ. நகரும். 2.0 மி.மீ. கம்பி ஒன்றை 100 கிலோ இழுப்புக்குக் கொண்டுபோனால் அது நீளுவதே அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஆகக் கால் சுற்று என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு தடவைக்குக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று, உடனே கேஜில் ஒரு பார்வை. இதற்கு மேல் கைவைக்க வேண்டாம்.

என் உதாரணத்தில் நாலாவது இடது கம்பியையும் அதை ஒட்டிய வலது கம்பியையும் சேர்த்துக் கால் கால் சுற்றாக முடுக்கினேன். ஒன்றை மட்டும் முடுக்கினால் ரிம் அந்தப் பக்கம் சாயும். சேர்த்து முடுக்கினால் சாயாது, ஆனால் அந்த இடம் ஹப்பை நோக்கிச் சற்று இறங்கும். அதற்குத்தான் பக்கத்தில் தலை தூக்கி நிற்கும் ஐந்தாவதையும் அதன் எதிர்க் கம்பியையும் சற்றுத் தளர்த்துவது. பக்கவாட்டு ஆட்டத்தைப் பார்க்க, பின் போர்க்குக் குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டு நாடாவைக் கட்டி, அதன் வாலை ரிம்மை உரசாத அளவுக்கு வெட்டி விட்டுக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக் சைக்கிளில் ரிம் பக்கம் பிரேக் கட்டை இல்லாததால் இந்த வால்தான் நமக்கு சாக்பீஸ்.

நிப்பிளைத் திருப்பும்போது கம்பியும் கூடவே முறுக்கிக்கொள்ளும். இடது கை விரலால் கம்பியைத் தொட்டுக்கொண்டே திருப்பினால் அந்த முறுக்கு விரலுக்குத் தெரியும். கால் சுற்று வேண்டுமென்றால் கொஞ்சம் கூடுதலாகப் போய், அந்தக் கூடுதலைத் திரும்ப எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பத்து கிலோமீட்டரில் "டிக் டிக்" என்று சத்தத்தோடு முறுக்கு அவிழ்ந்து நீங்கள் வைத்த கணக்கு கலைந்துவிடும். எல்லாம் முடிந்தபின் ஒரே பக்கத்தில் இணையாகப் போகும் இரண்டு இரண்டு கம்பிகளைக் கையில் சேர்த்துப் பிடித்து நன்றாக ஒரு அமுக்கு. கழுத்து வளைவுகள் ஹப்பில் சரியாக உட்காரும். அமுக்கிய பிறகு மறுபடி அளந்தால் சில எண்கள் இறங்கியிருக்கும். அதைச் சரிசெய்த பிறகு வருவதுதான் நிலையான எண்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம், இங்கேதான் வெளியூர் விளக்கங்கள் காலை வாரும். அவர்கள் "நிப்பிளைக் கால் சுற்று திருப்புங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தனுஷ்கோடி ரோட்டில் ஆறு மாதம் ஓடிய சக்கரத்தில் நிப்பிள் திரும்பினால்தானே? இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புச் சாரலும் மணலும் சேர்ந்து முகத்திலேயே ஒட்டும், சக்கரத்தில் ஒட்டாதா. மரைக்குள் உப்பு இறங்கி நிப்பிளும் கம்பியும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அந்த நிலையில் நிப்பிள் திருப்பும் கீயைப் போட்டுத் திருப்பினால் நிப்பிள் திரும்பாது, கம்பி முறுக்கும், அல்லது நிப்பிளின் நாலு மூலையும் வழுக்கி உருண்டையாகிவிடும். கேஜ் எண்ணும் ஏறாது. எண் ஏறவில்லையே என்று இன்னும் திருப்புவோம், கம்பி அறும். புதிதாகக் கேஜ் வாங்கியவர்கள் கையில் கம்பி அறுவது இப்படித்தான்.

அதனால் அளப்பதற்கு முந்தின நாள் இரவே ஒவ்வொரு நிப்பிளுக்கும் கம்பி நுழையும் வாயில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், ரிம் ஓட்டையும் நிப்பிளும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு. துரு பிடித்துக் கெட்டியானதற்குத் துரு இளக்கும் ஸ்பிரே. டிஸ்க் தட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது, தட்டைக் கழற்றிவிடுவது உத்தமம். எண்ணெய் பட்டால் பிரேக் கட்டையும் பாழ். காலையில் ஒவ்வொரு நிப்பிளையும் முதலில் தளர்த்தும் திசையில் சற்று அசைத்து, "டிக்" என்று விடுபட்ட பிறகுதான் முடுக்க வேண்டும். கீ கச்சிதமானதாக இருக்கட்டும். நிப்பிள்கள் 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று பல அளவில் வருகின்றன. வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் ஓரளவு பொருந்துகிற கீ மூலையை வழித்துவிடும். பல வெட்டு உள்ள வட்டக் கீயை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சக்கரத்தில் அலுமினிய நிப்பிள் இருந்தால் (எடை குறைவாக, வண்ணப் பூச்சோடு இருக்கும்) மாற்றிவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பியோடு அலுமினியம் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் தின்னப்படும். ஒரு நாள் கீயை வைத்ததும் வெள்ளைப் பொடியாக உதிரும். பித்தளை நிப்பிளே நம் கரைக்கு. கம்பியும் துத்தநாகம் பூசியதாக இல்லாமல் ஸ்டெயின்லெஸாக இருக்க வேண்டும். காந்தத்தை வைத்துச் சோதிக்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். இழுத்துச் செய்த ஸ்டெயின்லெஸ் கம்பியும் கொஞ்சம் காந்தத்தில் ஒட்டும், அதை நம்ப வேண்டாம்.

ஓட்டி வந்ததும் சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னால் நம் மாவட்டத்தில் வீட்டில் அடி விழும், தெரியும். குடத்துத் தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்ற முடியாது. அரை வாளி தண்ணீரில் நனைத்த துணியால் கம்பி, நிப்பிள், ரிம் மூன்றையும் துடைத்தாலே பெரும்பகுதி உப்பு போய்விடும். ரிம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருந்தால் அதன் உள்ளேயும் உப்புத் தண்ணீர் தங்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை டயரைக் கழற்றி, ரிம் டேப்பை எடுத்து உள்ளே பாருங்கள். உள்ளிருந்து துரு பொடியாக வந்தால் கேஜை எடுப்பதற்கு முன் நிப்பிள்களை மாற்றும் வேலை இருக்கிறது என்று பொருள்.

இனி, எத்தனை கிலோ. ரிம் செய்தவர்கள் சொல்லும் உச்ச எண் உங்கள் ரிம்முக்கு இருந்தால் அதுதான் சட்டம். சாதாரண இரட்டைச் சுவர் அலாய் ரிம்களுக்கு அது பெரும்பாலும் 100 முதல் 120 கிலோவுக்குள் இருக்கும். உங்கள் பின் சக்கரத்தில் பல்சக்கர அடுக்கு இருக்கும் வலப்பக்கத்தில் கம்பிகள் ஏறத்தாழ செங்குத்தாக நிற்கின்றன, இடப்பக்கத்தில் சாய்ந்து நிற்கின்றன. ரிம் நடுவில் இருக்க வேண்டுமென்றால் வலப்பக்கம் அதிகம் இழுத்தாக வேண்டும், இடப்பக்கம் அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் வரும். எனவே வலப்பக்கச் சராசரியை 100-110-இல் வையுங்கள், இடப்பக்கம் எங்கே நிற்கிறதோ நிற்கட்டும். இரண்டையும் சமமாக்குகிறேன் என்று இடப்பக்கத்தை முடுக்கினால் ரிம் இடப்பக்கம் போய் போர்க்கில் உரசும். முன் சக்கரத்தில் இது தலைகீழ்: டிஸ்க் இருக்கும் இடப்பக்கம்தான் அங்கே டைட்டு. உச்ச எண்ணைத் தாண்டினால் ரிம்மில் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி முடி போல வெடிப்பு விழும், அதற்கு மருந்து கிடையாது.

எண் என்றால் அதனோடு ஒரு முடிவும் சேர்ந்திருக்க வேண்டும். பாம்பனில் பழைய ரயில் பாலத்தில் காற்று வேகம் அளக்கும் கருவி இருந்தது. 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டிக்குச் சிக்னல் கிடையாது. 57-ஆ 56-ஆ என்று அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கேஜையும் அப்படிப் பாருங்கள். கம்பி 103-ஆ 108-ஆ என்பதில் இரவைக் கழிக்க வேண்டாம். சராசரியிலிருந்து 20 சதவீதம் தாண்டியதா, கையை வை. தாண்டவில்லையா, விடு.

கேஜ் கண்டுபிடித்துக் கொடுக்கும் இன்னொன்று, கெட்டுப்போன ரிம். பள்ளத்தில் இடித்து ரிம்மே வளைந்திருந்தால் அதைக் கம்பியால் இழுத்து நேராக்கிவிடலாம்; கண்ணுக்கு நேர், ஆனால் அந்த இடத்தில் ஒரு பக்கம் 140, மறுபக்கம் 20 என்று நிற்கும். சமப்படுத்தினால் கோட்டம் திரும்பும், கோட்டம் எடுத்தால் சமம் போகும். இந்த இழுபறி வந்தால் ரிம்மை மாற்ற வேண்டியதுதான். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புப் பட்டைகளில் வேகம் குறைக்காமல் ஏறி இறங்குகிறவர் என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் மூன்று கம்பி ஒரே பக்கத்தில் போயிருந்தால் அந்தப் பக்கத்தின் மற்ற பதின்மூன்றும் அதே அடியை வாங்கியவைதான். அவற்றைச் சமப்படுத்தினாலும் கழுத்தில் ஏற்கெனவே விழுந்த கீறல் ஆறாது. அந்தப் பக்கம் பதினாறையும் ஒரே நேரத்தில் புதிதாகப் போட்டு, அப்புறம் கேஜ் வைத்துச் சமப்படுத்துவதுதான் செலவு குறைந்த வழி. கம்பி மாற்றும் வேலையைக் கடையில் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து அளந்து சரிசெய்துகொள்ளலாம். புதுக்கம்பி போட்ட முதல் ஞாயிறு ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

அப்பாவின் சைக்கிளுக்கும் உதவும், ஆனால் வேறு கணக்கு. பழைய கம்பிப் பிரேக் சைக்கிள் என்றால் பெரும்பாலும் முன்னால் 32, பின்னால் 40 கம்பி, இரும்பு ரிம். ஒற்றைப் பல்சக்கரம் ஆனதால் பின் சக்கரத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகவே இருக்க வேண்டும். கிலோ எண்ணைத் துரத்த வேண்டாம், சமம் மட்டும் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு ரிம்மில் அதிகம் முடுக்கினால் நிப்பிள் தலை ஓட்டையைப் பிய்த்துக்கொண்டு வரும். கேரியரில் நாலு குடம் தண்ணீர் கட்டிய காலத்தில் அந்தச் சக்கரம் ஐம்பது அறுபது கிலோ கூடுதலாகச் சுமந்தது, அத்தனை கம்பி இருந்ததால்தான் தாங்கியது.

மலிவான நகல் கேஜ் வாங்கினால் அது உண்மை சொல்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். உங்கள் சக்கரத்தில் உள்ள அதே தடிமனில் ஒரு கம்பியை எடுத்து, தலைப் பக்கத்தை உறுதியான இரும்புக் கொக்கியில் மாட்டி, நிப்பிள் பக்கத்தை ஓட்டை போட்ட ஒரு பட்டையில் கோத்து, அதில் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். 20 லிட்டர் கேன் மூன்று என்றால் கேன்களின் எடையையும் சேர்த்து 60 கிலோவுக்குச் சற்று மேல். அப்போது கேஜ் வைத்து, அட்டவணை என்ன கிலோ சொல்கிறது என்று பாருங்கள். கேன்கள் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், காலை உள்ளே விட வேண்டாம். ஐந்து கிலோ தள்ளிச் சொன்னாலும் பரவாயில்லை. எப்போதும் அதே ஐந்து கிலோ தள்ளிச் சொன்னால் சமம் பார்க்க அந்தக் கேஜ் போதும்.

அந்தச் சோதனைக் கம்பியைத் தூக்கிப் போடாமல் கேஜோடு வையுங்கள். கேஜும் இரும்புதான், அதன் வில்லும் அச்சும் நம் காற்றில் ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடும். வேலை முடிந்ததும் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். கண்டிப்பாகக் கடல் பக்கத்து ஜன்னலில் வேண்டாம்.